காணாமல் போன எட்டு

யோகராஜ் மூன்றாவது முறையாக எண்ணிப் பார்த்தார். பத்துதான் வந்தது.

மேசைமேல் கறுப்பு வட்டங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் பெரிய தேத்தண்ணிக் கோப்பையின் அகலம், அரைக் கோப்பை உயரம். தலையில் மஞ்சள் பெயின்டில் ஒவ்வொரு நம்பர். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு ஆறு, ஏழு. பிறகு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. ஐந்தும் இல்லை, எட்டும் இல்லை.

ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாகப் போட்ட தார்க் காபட் ரோட்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள் அவை. 'கோர்' என்பார்கள். கேக் வெந்திருக்கிறதா என்று நடுவில் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பதுபோல, போட்ட ரோட்டை மெஷினால் வட்டமாக வெட்டியெடுத்து, கனம் அளந்து, காற்றில் ஒரு முறையும் தண்ணீருக்குள் ஒரு முறையும் நிறுத்து, பிறகு சூடாக்கி உடைத்து, கரைத்து, உள்ளே எத்தனை வீதம் தார் இருக்கிறதென்று பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனையில் தேறினால்தான் ரோட்டுப் போட்ட கொந்தராத்துக்காரருக்கு அரசாங்க வீதித் திணைக்களம் சான்றிதழ் கொடுக்கும்.

கெலிஓயாவில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னப் பரிசோதனை லெப்பில் யோகராஜுக்குப் பதினாறு வருட சேவை. தாரின் குணம் அவருக்கு அத்துப்படி. ஊசியை வைத்து ஐந்து செக்கனில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் மெஷின் பழுதான நாட்களில், விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு பெருநாளைக்கு முதலாளி ஹுஸைன் சேரின் வீட்டில் தார் நிறத்தில் தொதல் இனிப்பு கொடுத்தபோது, எல்லோரும் வாயில் போட, இவர் மட்டும் விரலால் அழுத்திப் பார்த்து, "அறுபது எழுபது கிரேட் வரும் சேர்" என்று சொன்னவர்.

அப்படிப்பட்டவரின் கையிலிருந்து ரோட்டுத் துண்டு இரண்டு காணாமல் போயிருந்தது.

யோசித்துப் பார்த்தார். லெப் வேன் கராஜில் கிடந்ததால் வெள்ளிக்கிழமை அவரே பஸ்ஸில் ஹுன்னஸ்கிரியவுக்குப் போனார். கோர் வெட்டும் கணேஸ், கடைசித் துண்டில் பன்னிரண்டு என்று எழுதிய கையோடு எல்லாவற்றையும் ஒரு உரபேக்கில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். கணேஸ் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். லெப்புக்காக ஒரே ரோட்டில் இத்தனை கோர் வெட்டியது இதுதான் முதல் முறை. மாலை போட்டிருந்தவர் அன்று பின்னேரமே சபரிமலைக்குக் கிளம்பிவிட்டார். உரபேக்கு பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வந்தது. மஹய்யாவையில் வீட்டில் இரண்டு நாள் இருந்தது. திங்கட்கிழமை காலை லெப்புக்கு வந்தது.

அப்படியானால் வீடு. மனைவிக்குப் போன் எடுத்தார்.

"ஜெயராணி, அந்த உரபேக்குல இருந்து ஏதாச்சும் எடுத்தியா?"

"ஒரே ஒரு கல்லு எடுத்தேங்க. தண்ணி பீப்பா மூடி மேல வச்சிருக்கேன். கொரங்கு தெனமும் மூடியத் தொறந்து கையலம்புது. இப்ப ரெண்டு நாளா கிட்டயே வரல. நல்ல பாரம்."

"அது கல்லு இல்ல, அரசாங்க ரோட்டு! நம்பர் என்ன பாரு."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம்.

"அஞ்சுன்னு போட்டிருக்கு."

"எட்டு?"

"எட்டு எதுக்குங்க, நம்மகிட்ட ஒரு பீப்பாதானே இருக்கு?"

ஐந்து கிடைத்துவிட்டது. எட்டு கிடைக்கவில்லை. இனி பதினொன்று இருக்கிறது. ஓடர் கடிதத்தில் 'பத்துக்குக் குறையாமல்' என்றுதான் இருந்தது. பதினொன்றே தாராளம். ஆனால் ஹுஸைன் சேரிடம் அந்தக் கதை எடுபடாது. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் அவர் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: "எண்ணிக்கை கொறஞ்சா கேப்பாங்க. நம்பர் நடுவுல கொறஞ்சா சந்தேகப்படுவாங்க. ஏழுக்குப் பொறகு ஒம்பது ஈந்தா, எட்டு பெயிலாகினதால ஒளிச்சிட்டோம்டுதான் நெனப்பாங்க."

அந்த நேரம் பார்த்து ஹுஸைன் சேர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"யோகராஜ், ஹுன்னஸ்கிரிய கோர் எல்லாம் வந்திட்டா?"

"வந்துருச்சு சேர்." கையிலிருந்த துணியை மேசைமேல் விரித்து மூடினார். "ஈரமா இருக்கு. காயணும். ரெண்டு நாள்."

"நல்லா காய வெய்ங்க. ஈரத்தோட நிறுத்தா கணக்கு பிழைக்கும்."

வாழ்க்கையில் அவர் ஹுஸைன் சேரிடம் சொன்ன முதல் பொய் அது. அதிலும் பாதி உண்மை. கோர் காயத்தான் வேண்டும். பாதி உண்மை என்பதால் இரண்டு மடங்கு வியர்த்தது.

கணேஸுக்குப் போன் அடித்தார். அந்த இலக்கத்தைத் தற்போது அடைய முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள். வெட்டிய இடங்களைக் குறித்து வைத்த கொப்பியும் கணேஸின் பையோடு மலையேறிவிட்டது.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது வாசலில் சின்னக் கூட்டம் நின்றது. ஜெயராணி நல்ல மனசோடு ஒரு காரியம் செய்திருந்தாள். வட்டமான ஒரு கறுப்புக் கல் காணாமல் போய்விட்டது, கிடைக்காவிட்டால் இவரின் வேலை போய்விடும் என்று பக்கத்து வீட்டில் மட்டும் சொல்லியிருந்தாள். மஹய்யாவையில் பக்கத்து வீட்டில் மட்டும் சொன்னால் போதும்.

வாசல் படியில் ஏழு கற்கள் அடுக்கியிருந்தன. ஒன்று அம்மிக் குழவியின் உடைந்த பாதி. ஒன்று கராஜிலிருந்து வந்த வண்டிச் சில்லின் மூடி, உள்ளே கிறீஸ் பூசியபடி. இன்னொன்று யாரோ வீட்டுப் பூஜையறையில் இருந்த சாமி. அதைக் கொண்டுவந்தவரே பயந்துபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

"பிரச்சின இல்ல யோகராஜ் அண்ணே" என்று முன் வீட்டுக்காரர் பெருமையோடு ஒரு துண்டை நீட்டினார். "இது ஒங்களுக்குச் சரியா வரும். புதுசு."

கையில் வாங்கியதுமே யோகராஜுக்குத் தெரிந்துவிட்டது. அசல் காபட். இன்னும் பளபளப்புப் போகவில்லை.

"இது எங்க இருந்து?"

"நம்ம சந்தியிலதான். போன மாசம் போட்டாங்கல்ல. கடப்பாரையால ஓரத்துல கொஞ்சம் பேத்தேன். ஒங்களுக்காக."

அன்று மாலை முழுவதும் யோகராஜ் சந்தியில் குந்தியிருந்து, பெயர்த்த துண்டைத் திரும்பப் பொருத்திக் கொண்டிருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, "என்ன அண்ணே, வீட்டுக்கும் வேலையைக் கொண்டுவந்துட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு, கண்டி பஸ் ஸ்டாண்டில் நேரக்கணிப்பாளரின் கந்தோருக்குப் போனார். பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன சாமான்களை ஒரு அலுமாரியில் வைத்திருந்தார்கள். பதினான்கு குடை, ஒற்றைச் செருப்பு மூன்று, ஒரு ஜாதகக் கட்டு, ஒரு பல்செட். ரோட்டு இல்லை.

"என்ன மாதிரி ரோட்டு?" என்று கேட்டார் நேரக்கணிப்பாளர்.

"வட்டமா இருக்கும்."

அவர் யோகராஜை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அலுமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆக ஒரே வழிதான் மிச்சம். ஏழாவதற்கும் ஒன்பதாவதற்கும் நடுவில் அதே ரோட்டில் இன்னொரு கோர் வெட்டி, அதில் எட்டு என்று எழுதிவிடுவது. அதே ரோட்டு, அதே தார், அதே கல். யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. தன் மனசாட்சிக்கு அவர் இப்படித்தான் விளக்கம் சொன்னார். மனசாட்சி பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

லெப் மெஷினின் பெட்டிச் சாவி கணேஸிடம். ஆனால் கட்டுகஸ்தோட்டையில் யோகராஜின் நண்பர் அரூஸ், சுவரில் பைப் போக ஓட்டை போடும் தொழில் செய்பவர். அவரிடம் நாலங்குல டயமண்ட் பிட் இருந்தது. கோருக்கும் அதே அளவுதான்.

"ரோட்டையா?" என்றார் அரூஸ். "மச்சான், நான் இவளவு நாளும் மனுஷன்ட வீட்டுக்குத்தான் ஓட்ட போட்டீக்கேன். அரசாங்கத்துக்குப் போட்டதில்ல."

"ஒரே ஒரு ஓட்ட. பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம்டா சரி. அஸர் தொழுகைக்கு முந்தி வீட்டுக்கு வரோணும்."

புதன்கிழமை காலை அரூஸின் திரீவீலரில் ஜெனரேட்டர், மெஷின், இரண்டு கேன் தண்ணீர், யோகராஜ் எல்லோரும் கிளம்பினார்கள். தெல்தெனிய தாண்டி மலையேறும்போது திரீவீலர் இரண்டு முறை மூச்சு விட நின்றது.

தோட்டத்து ரோட்டுக்குள் திரும்பியதும் யோகராஜுக்கு ஒரு திருப்தி வந்தது. எத்தனையோ ரோட்டைத் துண்டு துண்டாகப் பார்த்தவர் அவர். முழுசாகப் பார்ப்பது அபூர்வம். கறுப்புப் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து மேலே தொழிலாளர் லயங்கள் வரை போனது. ஆனால் மூன்று நாள் மழையில் கரையிலிருந்து வழிந்த செம்மண் பாதி ரோட்டை மூடிக் கிடந்தது. கணேஸ் வெட்டி அடைத்த குழிகள் எங்கே, எது எத்தனையாவது என்று ஒன்றும் விளங்கவில்லை. சரியென்று, கொஞ்சம் சமதரையாகவும் திரீவீலரை ஒதுக்க வசதியாகவும் இருந்த ஒரு வீட்டு வாசலுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார்.

அந்த வீடு பேச்சியம்மாவுடையது. முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்து, போன வருடம்தான் பென்ஷன் எடுத்தவர். மெஷின் சத்தம் கேட்டதும் கையில் அகப்பையோடு வெளியே வந்தார்.

"என்னா தம்பி இது?"

"ரோட்ட டெஸ்ட் பண்றோம்மா. ஒடம்புக்கு ரத்தம் எடுத்துப் பாக்குற மாதிரி."

"ஓட்ட போட்டா?"

"ரத்தம் எடுக்கவும் குத்தத்தானேம்மா வேணும்."

பேச்சியம்மா யோசித்தார்.

"ரத்தம் எடுத்தா அந்த எடத்துல பஞ்சு வச்சு அமத்துவாங்க. நீங்க என்னா வைப்பீங்க?"

யோகராஜ் அரூஸைப் பார்த்தார். அரூஸ் வானத்தைப் பார்த்தார். குழியை அடைக்க ஒரு சாமானும் கொண்டுவரவில்லை.

"அடைச்சுருவோம்மா. ஆள் வரும்."

"இந்த ரோட்டுக்கு எங்கப்பா காலத்துல இருந்து மனு எழுதுறோம். இப்பத்தான் மூணு கிழமையா மீன்கார லொறி வாசல் வரைக்கும் வருது. சாளை மீன் துடிக்கத் துடிக்க வாங்குறோம். ஆள் வர்ற வரைக்கும் நா எங்கயும் போகல."

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெட்டி முடிந்ததும், குழிக்கு நேர் மேலே கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். எந்த வண்டியும் அந்தக் குழியில் விழ முடியாது. எந்த வண்டியும் போகவும் முடியாது.

யோகராஜின் கவனம் அங்கே இல்லை. கையில் வந்த கோரை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டிய துண்டு, பிஸ்கட் மாதிரி இருந்தது. அடிமட்டத்தை வைத்து அளந்தார். இரண்டே கால்.

"அரூஸ், பாதியில ஒடச்சுட்ட."

"நான் ஒடைக்கல்ல. கீழ மண்ணு வந்திட்டு, பாரு."

"இருக்கவே முடியாது. பதினொரு கோர் பாத்துட்டேன், எல்லாம் அஞ்சுக்கு மேல. இன்னொண்ணு வெட்டு."

இரண்டு அடி தள்ளி வெட்டினார்கள். கனம் இரண்டு. பேச்சியம்மா தன் மருமகள் கலாராணியைக் கூப்பிட்டு இரண்டாவது கதிரையைப் போட்டு அவளை உட்காரவைத்தார்.

எட்டு என்று எழுத ஒரு கோர் கேட்டு வந்த மனுஷருக்கு இப்போது எழுதத் தகுதியில்லாத இரண்டு கிடைத்திருந்தன. மெல்லிய கோரைப் பதினொரு கனமான கோரோடு சேர்த்து வைத்தால் ஹுஸைன் சேர் முதல் பார்வையிலேயே கேட்பார். ஒரு நல்ல துண்டு கிடைத்தால் போதும், ஓடிவிடலாம். கொஞ்சம் மேலே போய் மூன்றாவது. இரண்டரை. வளைவில் நாலாவது. இரண்டு. கீழே இறங்கி ஐந்தாவது. அதை வெளியே எடுக்கும்போதே ஓரம் மாவுருண்டை மாதிரி உதிர்ந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தார். தாரும் பற்றாது.

அதற்குள் ரோட்டில் ஐந்து கதிரை. வேலை முடிந்து வந்த ஆட்கள் ஆளுக்கொரு குழியைப் பொறுப்பெடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் குடை பிடித்திருந்தார். ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொழுந்து லொறி மேலேயும், மீன்கார லொறி கீழேயும் நின்று மாறிமாறி ஹோன் அடித்தன.

"பத்து நிமிஷம்டு சென்ன" என்று அரூஸ் மெதுவாக நினைவுபடுத்தினார்.

ஆறாவதை வெட்டத் தொடங்கியபோது மோட்டார் சைக்கிளில் கொந்தராத்துக்காரரின் சுப்பவைசர் வந்து இறங்கினார். கதிரைகளைப் பார்த்தார். குழிகளைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"யாருகிட்டக் கேட்டு வெட்டுறீங்க?"

யோகராஜ் பதினாறு வருடத்தில் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்ததில்லை. பயத்தில் உண்மையே வாயில் வந்துவிட்டது.

"எட்டாம் நம்பர் கோர் தொலைஞ்சு போச்சுங்க. அதுக்குப் பதிலா ஒண்ணு வெட்ட வந்தேன்."

சுப்பவைசரின் முகத்தில் திடீரென்று ஒரு அன்பு பொங்கியது. தோளில் கை போட்டு ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"அட, இவ்வளவுதானா? இத என்கிட்டச் சொல்லியிருந்தா நானே தந்திருப்பேனே. நீங்க ஏன் கண்ட எடத்துல வெட்டுறீங்க? வெள்ளப் பொட்டு வச்ச எடம் இருக்கே! கணேஸ் அங்கதானே வெட்டுனாரு. வாங்க, அந்தக் குழிக்குப் பக்கத்துலயே ஒண்ணு வெட்டிக்கங்க. அஞ்சரை வரும். நீங்க எட்டுன்னு எழுதுங்க. இந்தக் குழியெல்லாம் நாங்க அடைச்சுக்கிறோம். ஒங்க சேருக்கும் தெரிய வேணாம், எங்க சேருக்கும் தெரிய வேணாம்."

திங்கட்கிழமையிலிருந்து யோகராஜ் தேடிக்கொண்டிருந்த அதே சாமான். அளவு சரியாக, கனம் சரியாக, கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஒரு எட்டு எழுத எத்தனை செக்கன் ஆகும்? மஞ்சள் பெயின்ட் மார்க்கர் சட்டைப் பையிலேயே இருந்தது.

"தம்பி" என்று கதிரையிலிருந்து பேச்சியம்மா கூப்பிட்டார். "ரத்தம் எடுத்தீங்களே, என்னா வருத்தம்னு சொல்லவே இல்லயே?"

யோகராஜ் திரும்பினார். ஐந்து கதிரையிலிருந்தும் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீரை ஆய்ந்தவளின் கையும் நின்றிருந்தது.

"எவ்வளவு கனம் இருக்கணும்?" என்றார் பேச்சியம்மா.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அளவு கேட்டால் அளவு சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

"அஞ்சு சென்டிமீட்டர்மா."

"இதுல எவ்வளவு?"

"ரெண்டே கால்."

பேச்சியம்மா கையை நீட்டி அந்தத் துண்டை வாங்கினார். புரட்டிப் பார்த்தார்.

"இட்டலிக்குக் காசு வாங்கிட்டுத் தோச ஊத்தியிருக்கான்."

"அந்தப் பொட்டு வச்ச எடத்துல மட்டும் எப்படிம்மா கனமா இருக்கு?"

"அந்த எடத்துல மட்டும் மொதல்ல தோண்டி, பள்ளமாக்கி, அப்புறம் கொட்டுனாங்க. நாங்கதான் பாத்துக்கிட்டு இருந்தோமே."

"ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. சுப்பவைசர் போய்விட்டார். அரூஸ் பாதியில் நின்ற ஆறாவதையும் வெட்டியெடுத்தார். யோகராஜ் மார்க்கரை எடுத்து ஆறு துண்டிலும் நம்பர் போடாமல், இடமும் தேதியும் மட்டும் எழுதினார். பிறகு அரூஸும் அவரும் கரையிலிருந்து சரளைக் கல் பொறுக்கி வந்து குழிகளை இறுக்கி அடைத்தார்கள். ஒவ்வொரு குழியையும் பேச்சியம்மா காலால் மிதித்துப் பார்த்து, தலையாட்டிய பிறகுதான் கதிரை விலகியது. திரும்பி வரும்போது மீன்காரர், தாமதத்துக்குக் கோபப்படாமல், அரைக் கிலோ சாளையைத் திரீவீலருக்குள் வைத்துவிட்டுப் போனார்.

லெப்பில் ஹுஸைன் சேர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். யோகராஜ் உரபேக்கை அவர் காலடியில் வைத்தார்.

"சேர், நான் எட்டாம் நம்பரத் தொலைச்சுட்டேன். ஒங்ககிட்டப் பொய் சொன்னேன். அனுமதி இல்லாம ரோட்ட வெட்டுனேன். ஆறு ஓட்ட. வேலைய விட்டுப் போகச் சொன்னாலும் சரி. ஆனா அதுக்கு முந்தி இத அளந்து பாருங்க. அவங்க பொட்டு வச்ச எடத்துல மட்டும்தான் கனமா போட்டிருக்காங்க."

ஹுஸைன் சேர் பூட்டைத் திரும்பத் திறந்தார். லைட்டைப் போட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆறு துண்டையும் ஒவ்வொன்றாக அளந்தார். ஒரு துண்டை நான்கு பக்கமும் வைத்து அளந்து எழுதினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொட்டு வெச்ச எடத்துல வெட்டினது நாங்கதான்" என்றார். "அவன் காட்டின எடத்துல வெட்டி, அவன் தந்ததுக்கு சேர்டிபிகேட் அடிக்கப் பாத்தீக்கோம். ஒங்களுக்கு ஏச நாளைக்கு நேரமீக்கி. இப்ப இதுல தார் எத்தின வீதம்டு பாப்போம். அடுப்ப போடுங்க."

மூன்று நாள் வேலை நடந்தது. நிறுத்தார்கள், சூடாக்கினார்கள், கரைத்தார்கள், வடித்தார்கள். ஐந்து வீதம் இருக்க வேண்டிய தார் மூன்றரைதான் இருந்தது. ஹுஸைன் சேர் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதித் திணைக்களத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து ஆட்கள் வந்து, பொட்டு இல்லாத இடமாகப் பார்த்துத் தாங்களே வெட்டினார்கள். வெட்டிய இடமெல்லாம் தோசைதான். முழு ரோட்டையும் சொந்தச் செலவில் பெயர்த்துத் திரும்பப் போட வேண்டும் என்று கொந்தராத்துக்காரருக்கு உத்தரவு போனது.

அடுத்த கிழமை யோகராஜுக்கு ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தன. ஒன்று, 'எட்டாம் இலக்க மாதிரியைக் கவனக்குறைவாகத் தொலைத்தமைக்காக' ஹுஸைன் சேர் கையெழுத்திட்ட எச்சரிக்கைக் கடிதம். மற்றது, 'குறியிடப்படாத இடங்களில் மேலதிக மாதிரிகள் பெற்ற விழிப்புணர்வைப் பாராட்டி' திணைக்களத்தின் கடிதம். இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தது ஹுஸைன் சேர்தான்.

"ரெண்டும் நியாயம்தான் சேர்" என்றார் யோகராஜ்.

"நியாயம்தான். எண்டாலும் பாராட்ட மட்டும் பிரேம் போடுங்க."

ஜெயராணி இரண்டையும் பிரேம் போட்டாள். தொலைத்ததுகூட லெட்டர்ஹெட்டில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது என்றாள்.

மேலே ஹுன்னஸ்கிரியவில் ரோட்டு வேலை திரும்பத் தொடங்கியிருந்தது. பேச்சியம்மா கதிரையை ரோட்டோரத்தில் போட்டு, மடியில் ஒரு ஸ்கூல் அடிமட்டத்தோடு உட்கார்ந்திருப்பதாகவும், ரோலர் போகுமுன் அவர்தான் ஓரத்தில் அளந்து பார்ப்பதாகவும், புதிதாக வந்த சுப்பவைசர் அவரை "மேடம்" என்று கூப்பிடுவதாகவும் மீன்காரர் மூலமாகச் செய்தி வந்தது. வாசலுக்கு நேரே இருக்கும் ரோட்டை மட்டும் இன்னும் அரை சென்டிமீட்டர் கூட்டிப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

யோகராஜ் நிம்மதியாக இருந்தார். ஒரே ஒரு குறைதான். பஸ்ஸா, வீடா, சந்தியா, அந்த எட்டு எங்கே போயிருக்கும் என்ற யோசனை மட்டும் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் வந்து வந்து போனது. இரண்டு முறை ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறி, எல்லா சீட்டுக்கும் அடியில் குனிந்து பார்த்துவிட்டு இறங்கினார். கொண்டக்டர் அவரைக் கண்டால் மணி அடிக்கத் தொடங்கிவிட்டார்.

இருபது நாள் கழித்து கணேஸ் வேலைக்கு வந்தார். தாடி வழித்து, மாலை கழற்றி, முகமெல்லாம் சந்தோஷம். எல்லோருக்கும் திருநீறு கொடுத்தார். யோகராஜ் நெற்றியில் பூசிக்கொண்ட கையோடு அவரைக் கதிரையில் உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். பீப்பா, குரங்கு, சந்தி, பல்செட், பொட்டு, ஆறு ஓட்டை, இரண்டு கடிதம். கணேஸ் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரோட்டுக்கு நல்லதுதான் நடந்துச்சு கணேஸ், எனக்கு வருத்தம் இல்ல. ஆனா என் மனசு ஆறணும். நீ ஒன் கையால பேக்குல போட்டியே, அந்த எட்டாம் நம்பர எந்த எடத்துல வெட்டுன? அதையாவது சொல்லு."

"எட்டா?" கணேஸ் பதறிப்போய் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "எட்டு சனியோட நம்பராச்சேண்ணே, நா எப்பவும் ஏழு எழுதிட்டு நேரா ஒம்பதுக்குத்தானே போவேன்!"